அரை மணி நேரம் ஒன்றும் பூசாமல்

மருந்துக்கடை எதெல்மிரா சொன்னது இவ்வளவுதான்:
வெதுவெதுப்பான நீரில் கழுவு.
துண்டால் தேய்க்காதே, ஒற்று.
பிறகு அரை மணி நேரம்
ஒன்றும் பூசாமல் சும்மா இரு.

சும்மா இருப்பதுதான் பெரும்பாடு.

புந்தா அரேனாஸில் அக்டோபர்.
வசந்தம் என்கிறது நாட்காட்டி.
காற்றுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது.
ஆள் பறந்துபோகாமல் பிடித்து நடக்க
சதுக்கத்து முனையில் கயிறு கட்டுகிற ஊர் இது.
வெயிலின் உக்கிரம் காட்ட
ஒரு சிக்னல் கம்பமும் உண்டு:
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா.
இன்று மேகம் மூடியிருக்கிறது.
இருந்தும் சிவப்பு.

ஐந்தாம் நிமிடம்.
அளவு குறைந்த கையுறை மாதிரி
கன்னம் இழுக்கிறது.

பதினாறு வயதில் ஒருத்தன் சொன்னான்,
உன் மூக்கில் முட்டை பொரிக்கலாம் என்று.
அவன் இப்போது எங்கோ வடக்கே டயர் விற்கிறான்.
அந்த ஒற்றை வாக்கியத்துக்காக
இருபத்தேழு வருடம்
எண்ணெய் வழியும் முகத்துக்கான சோப்பாகவே வாங்கினேன்.
எலுமிச்சைப் படம் போட்டது,
கரி கலந்தது,
மணல்போல் உறுத்துவது.
எரிந்தால்
வேலை செய்கிறது என்று நம்பினேன்.

பன்னிரண்டாம் நிமிடம்.
இரவெல்லாம் ஆலையில் நண்டு உடைத்த கை
மடியில் கிடக்கிறது.
தோல் பற்றாமல் போனால்
நண்டு அதைக் கழற்றிப் போட்டுவிட்டு
பாறையிடுக்கில் ஒளிந்துகொள்ளும்,
புதியது இறுகும் வரை.
எனக்கு எந்த முதலாளி
அதற்கு விடுப்புத் தருவான்?

இருபதாம் நிமிடம் ஓசியேல் வந்தான்.
ஆட்டு ரோமம் கத்தரித்துவிட்டு வருகிறான்,
உடம்பெல்லாம் கம்பளிக் கொழுப்பு நாற்றம்,
உள்ளங்கை மட்டும் வெண்ணெய்.
"யாஸ்னா, என்ன கோபம்?" என்றான்.
என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.
கோபமில்லை, வறட்சி என்றேன்.
நம்பாமல் கெட்டில் வைக்கப் போனான்.

முப்பது.
அவன் சிகரெட் சுருட்டும் தாளில்
ஐந்து கிழித்து ஐந்து இடத்தில் ஒட்டினேன்.
நெற்றித் தாள் பாதி கண்ணாடியானது.
மூக்குத் தாளைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்தால்
இறந்தவர் பெயர்களைப் படிக்கலாம்.
தாடையில் ஒரு பொட்டு.
கன்னத்தில் வைத்த இரண்டும்
ஒட்டவே இல்லை,
தானாகக் கழன்று தேநீரில் விழுந்தன.

ஒரே முகம், இரண்டு வானிலை.
இத்தனை காலமும்
மூக்கு செய்த குற்றத்துக்குக்
கன்னத்தை அடித்திருக்கிறேன்.

கலவைச் சருமம் என்றாள் எதெல்மிரா,
ஏதோ சிமெண்ட் போல.
இரவில் மட்டும் நுரைக்காத திரவத்தால் கழுவு,
ஈரம் காயும் முன் கன்னத்தில் களிம்பு வை,
மூக்கை அதன் போக்கில் விடு,
வெளியே போனால் மேகமோ மழையோ
வெயில் களிம்பு இரண்டு விரல் நீளம்,
இரண்டு மணிக்கொரு முறை,
கழுத்து, காது மறக்காதே.

மூன்றும் வாங்கக் காசில்லை என்றேன்.
அவள் கொஞ்சம் யோசித்து
விலை கூடிய இரண்டையும் அலமாரிக்குத் திருப்பினாள்.
"வெயிலுக்கானது கட்டாயம்.
கன்னத்துக்கு இந்த வெள்ளை வாஸ்லின் போதும்."

வீட்டில் ஒரு தாள் மிச்சமிருந்தது.
எந்த வகை என்று யாரும் கேட்காத
புறங்கையில் அழுத்திப் பார்த்தேன்.
எண்ணெய் இல்லை.
வெடிப்பின் வரைபடம்போல்
ஒரு மெல்லிய சிவப்புக் கோடு வந்தது.
அதற்கும் வாஸ்லின் தடவி
ஓசியேலின் பழைய காலுறைக்குள் கையை நுழைத்துத் தூங்கினேன்.

மறுநாள் அவன் கிளம்பும்போது
மிஞ்சிய களிம்பை
அவன் காதில் பூசினேன்.
காதுக்கெல்லாம் யாராவது பூசுவார்களா என்று நெளிந்தான்,
ஆனால் மற்றதையும் காட்டினான்.

எலுமிச்சை சோப்பு பாதி இருக்கிறது.
அதில் இப்போது பூட்ஸ் கழுவுகிறேன்.
பூட்ஸ் இதுவரை
குறை ஒன்றும் சொல்லவில்லை.