தலைக்கு நாற்பத்தைந்து வெள்ளி

லவ் லேன் விடுதி வாசலில்
காலை ஐந்தரைக்கு ஆறு முதுகுப்பைகள்.
பைகளுக்குப் பின்னால் எங்கோ ஆட்கள்.
தலைக்கு நாற்பத்தைந்து வெள்ளி என்றேன்.
நாற்பது என்றது ஒரு தலை.
டீசல் உன் தாய்மாமன் ஊற்றுவானா என்று
கேட்கவில்லை, சிரித்தேன்.
இந்தத் தொழிலில் சிரிப்பும் ஒரு கியர்.

ஆள் ஆறு, ஜன்னல் மூன்று.
குமட்டும் என்று முன்கூட்டியே சொன்ன
டென்மார்க்காரனுக்கு என் பக்கத்து இருக்கை.
கொரியாவின் அக்காளும் தங்கையும்
இடமொன்று வலமொன்றாய்ப் பிடித்துக்கொண்டார்கள்.
ஈப்போ தெய்வசீலன் கேமராவை உயர்த்தி
ஜன்னல் கேட்டான்,
கையில் நிலப்பட்டா இருப்பதுபோல.
மதுரை நர்ஸ் மேகவர்ணி
சண்டை வேண்டாமென்று நடுவில் ஒடுங்கினாள்.
ஒரு வார்த்தை பேசாமல்
பின்னால் ஸ்டெப்னிமேல் ஏறி உட்கார்ந்தவள் நய்ரா,
ஊர் பொலிவியா.

ஆயர் ஈத்தாம் வழி சீக்கிரம்.
தெலுக் பஹாங் வழி வளைவு அதிகம்,
காசு கொடுத்தவர்களுக்கு வளைவு பிடிக்கும்.
டென்மார்க்காரன் ஏழாவது வளைவில்
சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

பாலிக் பூலாவில் ரொட்டி சானாய் பசியாறி
அலையாத்திக் காட்டைத் தாண்டியதும்
சேறு.
வெளியே போன கடல்
வீட்டைப் பூட்டாமல் போயிருந்தது.
நண்டுகள் அவரவர் வாசலில்.
கண்ணைத் தலைமேல் வைத்துக்கொண்டு
ஓடி விளையாடும் மீன்கள்.
வானம் வழுக்கி விழுந்து கிடந்தது தரையில்.

நய்ரா அப்போதுதான் வாய் திறந்தாள்.
அவள் ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி,
தோள் பிடித்து நடந்தன இரண்டும்.
எங்கள் பக்கம் உப்பே தரை,
நாள் முழுக்க ஓட்டினாலும் உப்பு.
ஜீப்பில் வருகிற பயணிகளுக்கு
நான்கு வருஷம் சமைத்தேன்.
என் இடம் எப்போதும் பின்னால்,
பானைகளோடு,
அவை கவிழாமல் பார்த்துக்கொண்டு.

இன்னும் பத்தடி முன்னால் போங்கக்கா,
ஒரே ஒரு படம், என்றான் தெய்வசீலன்.
போனேன்.
பத்தடியில் ஒன்பது தரை.

சக்கரம் சுழன்றது, வண்டி இறங்கியது.
தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு
தடித்துக்கொண்டே வந்தது.
டாஷ்போர்டில் இருந்த ஓத அட்டவணை
போன மாதத்தது.
அவர்களிடம் இதை நான் சொல்லவில்லை.
இங்கேதான் சொல்கிறேன்.

நய்ரா இறங்கினாள், முழங்கால்வரை.
டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கினாள்.
கால்மிதியை உருவிச் சக்கரத்தடியில் செருகினாள்.
போதவில்லை.
தங்கையின் யோகா விரிப்பும் போனது.
நோயாளியைக் கட்டில் மாற்றும் குரலில்
மேகவர்ணி எண்ணினாள்:
ஒண்ணு, ரெண்டு, தூக்கு!
தூக்கு என்ற சொல்
ஐந்து நாட்டுக்காரருக்கும் புரிந்தது.
மூன்றாம் தூக்கில் தண்ணீர் அச்சைத் தொட்டது.
நான்காவதில்
எருமைபோல் செருமிக்கொண்டு எழுந்தது வண்டி.

திரும்பும்போது யார் எங்கே உட்கார்ந்தார்கள்
என்று யாரும் பார்க்கவில்லை.
டென்மார்க்காரன் ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டு உறங்கினான்,
குமட்டாமல்.
நய்ரா என் பக்கத்தில்,
கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு.

சேறு காய்ந்து உதிர்ந்த கெண்டைக்காலில்
வெள்ளை வெள்ளையாய்த் திட்டு.
தங்கை விரலால் தொட்டு நக்கி
முகம் சுளித்தாள்.
நய்ரா தன் காலைப் பார்த்து,
சமையலுக்குக் காணாது, என்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நாளை ஒருவன் லங்காவி, ஒருத்தி ஹாட்யாய்,
நினைக்க எங்கே நேரம் அவர்களுக்கு.
இறங்கும்போது நய்ராவின் பணத்தை மட்டும்
திருப்பி நீட்டினேன்.
எண்ணிப் பார்த்தாள்,
என் கையிலேயே வைத்து மூடினாள்.
ஜன்னலுக்கு, என்றாள்.

நாற்பது கேட்ட தலை
நாற்பதுதான் கொடுத்தது.

சாயங்காலம் போய்ப் புது அட்டவணை வாங்கினேன்,
மூன்று வெள்ளி.
விடுதிப் பலகையில்
நாற்பத்தைந்தை அழித்து
ஐம்பது என்று எழுதினேன்.