மொத்த எடை

விமானத்துக்குச் சொந்தக்காரர் மூன்று பேர்.
பல் வைத்தியர் சிரிமான்ன,
பேக்கரி ஹில்மி,
நோர்வூட்டில் லொறி திருத்துகிற நான்.
சனி அவருக்கு, போயா ஹில்மிக்கு,
ஞாயிறு காலை எனக்கு.

நாலு பெட்டியில் வந்து இறங்கியது.
இரண்டரை வருடம்
பிரேக் பிடிக்காத லொறிகளுக்கு நடுவே
இறகு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.
"இது பறக்குமா, பாஸ்?"
கேட்காத டிரைவர் இல்லை.
பறக்கும் என்று நான் சொன்னதில்லை.
இன்னும் எண்ணூறு ரிவெட் இருக்கிறது என்பேன்.

இரண்டு ஆசனம்.
காசல்ரீ நீரில் இறங்க இரண்டு மிதவை.
கதவைத் தட்டினால் பிஸ்கட் டின் சத்தம்.
பெரியதிலும் போயிருக்கிறேன்,
தோஹாவுக்கு, நடு சீட்டில்,
இரண்டு பக்கமும் அந்நியரின் முழங்கை.
அதில் என்னைக் கொண்டுபோனார்கள்.
இதில் போகிறேன்.

எங்கே என்று கேட்காதீர்கள்.
அணைக்கட்டைச் சுற்றி,
நோட்டன் பக்கம் கொஞ்சம்,
சிவனொளிபாதம் முகிலுக்குள் இருந்தால்
அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு
புறப்பட்ட இடத்துக்கே.
ஏற்றியதும் இல்லை இறக்கியதும் இல்லை.
முப்பது வருடத் தொழிலில்
இப்படி ஒரு ட்ரிப்பை எவனும் எழுதியதில்லை.

ஐந்நூறு கிலோவைத் தாண்டக்கூடாது,
அவ்வளவுதான் அதன் சட்டம்.
கரைக் கொட்டிலில் ஒரு மேடைத் தராசு,
மூடிய பெக்டரி ஏலத்தில் எடுத்தது.
ஏறுகிற எவரும் முதலில் அதில் ஏறவேண்டும்.
வைத்தியர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஏறுவார்.
ஹில்மி மூச்சை உள்ளே இழுப்பான்,
அதனால் ஏதோ குறையும் என்று.

போன ஞாயிறு தவமலர் வந்தாள்,
என் மனைவியின் தங்கை,
இன்னும் நாலாம் நம்பர் மலையில் பேர் போடுகிறவள்.
தராசில் ஏறி நின்றாள், கூடை இல்லாமல்.
"ஐம்பத்தெட்டு" என்றேன்.
"கழிவு எவ்வளவு?"
"என்ன கழிவு?"
"ஈரத்துக்கு. முத்தலுக்கு. சும்மாவுக்கு."
"கழிவு இல்ல."
இறங்கவில்லை அவள்.
குனிந்து முள்ளை இன்னொரு தரம் பார்த்தாள்.

பலகையில் சோக்கட்டியால் எழுதினேன்:
விமானம் முந்நூற்று இருபத்தைந்து,
நான் தொண்ணூற்றாறு, அவள் ஐம்பத்தெட்டு.
மிச்சம் இருபத்தொன்றில்
சோற்றுப் பார்சல்கள் இரண்டு கிலோ,
மீதி பெற்றோல்.

நீர் லேசில் விடாது.
காலைக் கட்டிக்கொள்ளும், உதறும், நுரை தள்ளும்,
பல்லெல்லாம் ஆடும்.
பிறகு ஒரு நொடியில்
அந்த உரசல் மட்டும் நின்றுபோகும்.
எஞ்சின் இரைகிறது, ஆனாலும் அமைதி.
இதற்காகத்தான் அந்த எண்ணூறு ரிவெட்டும்.

மெதுவாகத்தான் போவோம்,
அட்டன் பஸ் இறக்கத்தில் போவதை விடக் கொஞ்சம் வேகம்.
துணி காய்வது தெரியும்.
யாருடைய சட்டை என்பதும் தெரியும்.
சவுக்கு மரத்துக்கு மேலே
காற்று ஒரு படிக்கட்டு போல முட்டும்;
கைப்பிடியில் அது வருவதை
விரல் முந்தி அறியும்.

"அதுவா நாலாம் நம்பர்?"
"அதுதான்."
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.
மலை மறைந்தது.
எடுத்தாள்.
திரும்ப வைத்தாள்.
எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை,
பத்து மணிக் காற்று கணவாயில் எழுவதற்குள்
இறங்கவேண்டியிருந்தது.

கரையில் காது அடைத்ததென்று திட்டினாள்.
கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம்,
ரொட்டியும் கட்டச் சம்பலும், ஆறிப்போய்.
பலகையை வாசித்துக்கொண்டே மென்றாள்.
"இந்த ரெண்டு கிலோவுக்கு
எவ்வளவு நேரம் பறக்கலாம்?"
மனக்கணக்குப் போட்டேன்.
"எட்டு நிமிசம்."

இன்று ஏழு மணிக்கே வந்து நிற்கிறாள்,
வெறுங்கையோடு,
தோடு, வளையலைக்கூடக் காணோம்.
"சாப்பாடு?" என்றேன்.
"பெற்றோல் ஊத்து" என்கிறாள்.