முந்தைய பெயர்

பகாவ் டவுனிலிருந்து பென்ரோஸ் பாதிரி
மூன்றாம் டிவிசனுக்கு வரும் வெள்ளிக்கிழமைகளில்
புகைக்கொட்டகைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டுவது என் வேலை.
சின்னக் கிராணி நான். சாலமோன்.
துரை பேசினால் தமிழ், சனம் பேசினால் இங்கிலீஷ்,
இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

அன்றைக்குப் பெட்டியில் தப்பான படங்கள் வந்திருந்தன.
கடல்மேல் நடந்தவர் இல்லை, கானாவூர்க் கலியாணம் இல்லை.
சீமையில் காணிக்கை கேட்கக் காட்டுகிற கண்ணாடிகள்:
ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு கிராமம்,
மண் வீடு, முரசு, வெறும் மார்போடு ஒரு பையன்.
அடுத்த கண்ணாடியில் அதே பையன்
பொத்தான் வைத்த சட்டையில்
யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி நின்றான்.
"பின்னால நிக்கிறது நம்ம ஆபீஸ் வாசல் செம்பனைல்ல?"
கூட்டத்தில் ஒரு குரல்.
துரை அழகுக்கு நட்டுவைத்த மூன்று மரம். அதேதான்.

"இவன் பெயர் சாமுவேல்," என்றார் பாதிரி.
சொன்னேன்.
பால் வாளி கழுவிய ஈரக் கையோடு இருளாயி கேட்டாள்:
"அதுக்கு முந்தி அவன் பேரு என்னா?"

விளக்கில் ஒரு பூச்சி விழுந்து கருகியது.
பாதிரி கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார்.
"அது இனி அவசியமில்லை."
"அவனுக்கே மறந்துபோச்சாம்," என்றேன் நான்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.
மறப்பதற்கும் எனக்கு ஒன்று இருந்ததில்லை.
பெயர் மாற்றியவர் என் பாட்டனாரின் அப்பா,
எதிலிருந்து மாற்றினார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்த மழைக்குக் காய்ச்சல் லயத்தில் ஏழு பேரை எடுத்தது.
இருளாயியின் மகள் வெள்ளச்சி நாலாவது.
பதினாலாம் நிரை முடிகிற இடத்தில் குழி.
தையில் மறுநடவு. குத்தகை ஆட்கள்
கித்தா வேரோடு சேர்த்து நிரையையே புரட்டினார்கள்.
எந்த மண் என்று காட்ட அவளுக்கு ஒரு கல்கூட மிஞ்சவில்லை.

டவுன் கோயில் கல்லறையில் பலகைகள் உண்டு,
பலகையில் எழுத்து உண்டு,
வருஷத்துக்கு ஒரு தடவை சாயமும் உண்டு.
சந்தைக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள்.
வந்து சொன்னாள்: "நான் வேதத்துல சேர்றேன்."

ஆவி இறங்கியது என்று பாதிரி சீமைக்கு எழுதினார்.
பிரதி எடுத்தவன் நான்.
அவள் கேட்டது ஒரு பலகை.
ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்றார்,
மெதுவாக, தொப்பியைக் கழற்றிவிட்டு.
அதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்ப அந்தப் பேரை எனக்கு வையுங்க."
"வேதத்தில் உள்ள பெயர்தான் வைக்கலாம்."
"வச்சுக்கோங்க," என்றாள்,
என்னைப் பார்த்தபடி.

குருத்தோலை ஞாயிறு.
தென்னங்குருத்து போதாமல் செம்பனை மட்டையையும் வெட்டியிருந்தோம்,
முள் குத்திப் பிள்ளைகள் கையெல்லாம் ரத்தம்.
பதிவேட்டில் இடப்பக்கம் இங்கிலீஷில் எலிசபெத் என்று எழுதினேன்.
வலப்பக்கம் தமிழ். பாதிரிக்கு வாசிக்க வராது.
வெள்ளச்சி என்று எழுதினேன்.
ஒற்றுத்தாள் வைத்து அழுத்தி
அவர் கையெழுத்துப் போட்டார்.

லயத்தில் அவள் இருளாயியாகவே இருந்தாள்.
மாசத்துக்கு ஒரு ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்து நிற்பாள். பக்கத்தைத் திறப்பேன்.
வாசிக்கத் தெரியாது,
புள்ளி வைத்த இரண்டையும் சேர்த்து ஐந்து எழுத்து,
விரல் வைத்து எண்ணிவிட்டுப் போவாள்.

ஒரு தடவை மட்டும் போகாமல் நின்றாள்.
"அந்தப் பையன் பேரையும் எங்கயாச்சும் ஒருத்தன்
எழுதி வச்சிருப்பான்ல?"

"வச்சிருப்பான்," என்றேன்.
கதவைச் சாத்த வேண்டிய ஆள்
சாவிக்கொத்தோடு வெளியே இருமிக்கொண்டிருந்தார்.