ஆள்தாமசம்

ஒழலப்பதி சாலையில்
அட்சயா மையத்தின் இரண்டாவது நாற்காலி என்னுடையது.
தமிழில் சொல்வார்கள், மலையாளத்தில் தட்டுவேன்.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
பூவாத்தாளிடம் மூன்றாவது மனுவுக்கு வாங்கவில்லை.
முதல் இரண்டுக்கும் வாங்கினேன்.

லட்சம் வீட்டுக் காலனி, பதினேழாம் எண்.
ஒரு கூரை, இரண்டு குடும்பம், நடுவே ஒரே சுவர்.
செங்கல் மிச்சமென்று
அப்படித்தான் கட்டினார்கள் அந்தக் காலத்தில்.
அந்தப் பாதிக்காரருக்குப் புது வீட்டுப் பணம் வந்தது.
தன் பாதியை இடித்துக்கொண்டார்.
சட்டப்படி சரி.
கூரையை எங்கே அறுப்பதென்று மேஸ்திரி
சாக்பீஸால் ஒரு கோடு போட்டாராம்.

மீந்த சுவரை ஒருநாள் போய்ப் பார்த்தேன்.
போன மாதம்வரை உள்ளே இருந்த பக்கம்
வெளியே நிற்கிறது மழையில்.
நீலச் சுண்ணாம்பு, காலண்டர் ஆணி,
யாரோ ஒரு பிள்ளை வளர்ந்த உயரக் கோடுகள்.
மூன்றாவது கோட்டுக்கு மேலே தொடங்குகிறது விரிசல்.
இந்தப் பக்கம் அதே விரிசலின் கீழே
கயிற்றுக் கட்டிலில் ஆறுச்சாமி,
தென்னையிலிருந்து விழுந்த இடுப்போடு.
கட்டிலை நகர்த்த இடமில்லை.
எதிரே அடுப்பு,
அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே
இரண்டு பிள்ளைகளும் ஒரு சைக்கிளும்.

"கையே போகுதுங்க உள்ள" என்றாள், மனுவுக்காக.
விரிசலுக்கு மலையாளத்தில் விள்ளல்.
தட்டிவிட்டுக் கொஞ்சம் நின்றேன்.
நமக்கு விள்ளல் என்றால்
இட்லியில் கிள்ளிப் பிள்ளை வாயில் வைப்பது.
ஆனி முழுக்கக் கணவாய்க் காற்று
சுவரை விள்ளி விள்ளி
ஆறுச்சாமியின் போர்வையில் போட்டது.

ஓவர்சியர் வந்தார். செல்போனில் படமெடுத்தார்.
சுவரில் சிவப்பு எண் எழுதினார்,
எழுதும்போதே கொஞ்சம் உதிர்ந்தது.
கையைத் தட்டிக்கொண்டு கேட்டார், வீடு யார் பேரில்?
பேருக்குரியவர் செத்து ஒன்பது வருசம்.
வாரிசு ஆறு பேர், ஒருவர் ஷார்ஜாவில்.
மாதா மாதம் ஆயிரத்து இருநூறு வாங்கிப் போகும் மருமகன்
கையெழுத்து என்றால் மட்டும் வாரிசு இல்லை.
வாடகைக்கு இருப்பவர்களுக்குத் திட்டம் கிடையாது
என்று சொன்ன ஓவர்சியர்
தார்ப்பாய் வாங்க இருநூறு ரூபாய் கொடுத்தார்,
தன் பையிலிருந்து.
அதையும் சொல்லவேண்டும்.

ஆடியில் பதில் வந்தது, முத்திரையோடு.
வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.
மேற்படி கெட்டிடத்தில் ஆள்தாமசம் இல்ல.
ஆகையால் அபகட சாத்தியத இல்ல.

யாரும் குடியில்லை, அதனால் ஆபத்தில்லை
என்று நான் தமிழில் திருப்புவதற்குள்
அவள் சிரித்துவிட்டாள்.
"தாமசமே இல்லீங்களா?
அப்ப நாளைக்கே உளுந்துருமுங்க."

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
தாமசம் என்றால் குடியிருப்பு, அந்தப் பக்கம் தாமதம்.
நாலு வருசமாய்ப் பால் சொசைட்டியில் நிற்கிறவளுக்கு
இது தெரியாதா என்ன.
வரிசையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள்.
நானும்.

கடிதத்தை நாலாய் மடித்துத் தூக்குப் போசியில் போட்டாள்.
"ஆளு இருக்குதுன்னு ஒரு மனுப் போடோணும்.
அதுக்கு என்ன சாட்சி வெக்கோணும்?"

ரேஷன் அட்டையில் நெகமத்து முகவரி.
கரண்ட் பில் செத்தவர் பேரில்.
கடைசியில் அவள் போனில் ஒரு படம் இருந்தது.
போர்வைக்கு மேல் ஆறுச்சாமியின் முகம்,
முகத்துக்கு மேல் விரிசல்,
விரிசலுக்கு மேல் சிவப்பில் பதினேழு.

இணைப்பு ஒன்று, எனத் தட்டினேன்.
படம் பெரிது, ஏற்க முடியாது என்றது கணினி.
ஓரத்தை வெட்டினேன். இன்னும் பெரிது.
சுவரை வெட்டினால் வெறும் ஆள்.
ஆளை வெட்டினால் வெறும் சுவர்.
போசியை மடியில் வைத்துக்கொண்டு
திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் பூவாத்தாள்,
எதை வெட்டப்போகிறேன் என்று.