இருபத்தெட்டாம் நாள்

நான் பிளவுஸ் தைக்கிறவள்.
வெள்ளவத்தை, முப்பத்தேழாம் லேன்,
மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின்.
ஆகவே டொக்டர் படம் கீறத் தொடங்கியதும்
எனக்கு விளங்கிவிட்டது.
தட்டையாய்க் கிடக்கிற துணி,
இரண்டு ஓரமும் எழும்பி
நடுவில் சந்திக்கவேண்டும்.
சந்தித்தால் முதுகு.
இடுப்புக்குக் கிட்ட இரண்டு விரற்கடை
சந்திக்கவில்லை.

"எப்ப?" என்று கேட்டேன்.
"கரு தங்கி இருபத்தெட்டு நாளுக்குள்ள."

வீட்டுக்கு வந்து கலண்டரில் பின்னால் எண்ணிப் போனேன்.
ஆடிவேல்.
காலி வீதியில் தேர் வரும்வரை
மூன்று மணித்தியாலம் நின்றிருக்கிறேன்.
ஐஸ்பழம் தின்றிருக்கிறேன்.
கச்சான்காரியோடு இருபது ரூபாய்க்குச்
சண்டை பிடித்திருக்கிறேன்.
நாள் தள்ளினதை அலைச்சல் என்று நினைத்த கிழமை.
உள்ளே தையல் ஓடிக்கொண்டிருந்தது,
நூல் தட்டுப்பாடு என்று
தைக்கிறவளுக்கே ஒரு சொல் வரவில்லை.

மிட்வைஃப் தம்மிகா மிஸ்
கார்டில் எழுதிக்கொண்டே
பாதித் தமிழில் சொன்னார்:
"ஒங்கட குத்தம் இல்ல நங்கி.
இந்தக் குளிச எல்லாத்தையும் தடுக்காது.
நெறையத் தடுக்கும்.
அடுத்த புள்ளைக்கு முன்னுக்கே போடுங்க,
வந்த பொறகு இல்ல."
முதல் வசனத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கலாம்.
நான் கொண்டுவந்தது
"நெறைய" என்ற சொல்லை.
ஒரு மாதம் நித்திரை இல்லை.

இப்போது இரவில் ஒரு மஞ்சள் குளிசை.
ஏழு மாதமாக விழுங்குகிறேன்.
வயிற்றில் ஒருவரும் இல்லை.
"பிள்ளையே தங்கேல்லை,
பிள்ளைக்கு மருந்தோ?" என்கிறா மாமி.
அளவு எடுக்காத ஆளுக்கு
லைனிங் வெட்டி வைக்கிறேன் மாமி
என்று சொன்னால் சிரிப்பா.
சொல்வதில்லை.

சாம்பவிக்கு ஆறு வயது.
கலிப்பர் நிலத்தில் தட்டத் தட்ட வருவாள்.
அட்டையைக் குத்திக்
குளிசை எடுத்துத் தருவது அவளுடைய வேலை,
வேறொருவரும் தொடக்கூடாது.
நேற்றுக் கேட்டாள்:
"இது ஆருக்கம்மா?"
"வரப்போற ஆளுக்கு."
"நான் வரேக்கையும் போட்டனீங்களோ?"

வீதிமுனையில் நூறாம் நம்பர் பஸ்
ஹோர்னில் வைத்த கையை எடுக்காமலே போனது.

"நீ வந்தது எனக்குத் தெரியாதடி."
"நான் சொல்லேல்லையோ?"
"இல்லை."

கொஞ்சம் யோசித்தாள்.
அட்டையைத் திருப்பி மிச்சத்தை எண்ணினாள்.
"சரி, நாளைக்கு ரெண்டு எடுத்துத் தாறன்.
ஒண்டு என்ரை."

நாளுக்கு ஒன்றுக்குமேல் கூடாது
என்று தம்மிகா மிஸ் சொல்லியிருக்கிறார்.
அதை நாளைக்குச் சொல்லலாம்.