முட்டுக்கட்டை

பதினோரு வயசு ஸ்கார்ப்பியோ.
முன்பு வைத்திருந்தவர் கட்சிக்காரர்,
கொடிக்கம்பத் துளை இன்னும் பானெட்டில்.
கப்பலூர் பட்டறையில் கொக்கி அடித்து
இரும்புக் குண்டு பொருத்திக் கொடுத்தான் லூர்துராஜ்.
"இழுத்துரும்ணே. நிறுத்துறதுதான் உங்க பாடு."

பின்னால் வருவது வீடா வண்டியா என்று
சுங்கச்சாவடிப் பையன் குழம்பி
உள்ளே யாரையோ கேட்டுவிட்டு
லாரிக்கானதை வாங்கிக்கொண்டான்.
ரெண்டு படுக்கை, ஓர் அடுப்பு,
ஜெபராணி தைத்த மஞ்சள் திரைச்சீலை,
எல்லாம் சேர்த்து ஒன்றேகால் டன்.

தனியாக ஓடினால் லிட்டருக்குப் பன்னிரண்டு.
இதைக் கட்டினால் ஏழு.
உசிலம்பட்டி தாண்டி எதிர்காற்றில் ஆறு.
கணக்கை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.
அவள் டீசல் பில்லை மடித்துப் பைபிளுக்குள் வைக்கிறாள்.

ஆண்டிபட்டி கணவாயில்
இரண்டாம் கியரும் திணறியது.
கிளட்ச் கருகும் வாடை.
பின்னால் தேனி பஸ்
ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை.
நான் சொல்வதற்குள் குதித்து ஓடி
புளியங்கட்டையை டயருக்கடியில் உதைத்துத் தள்ளிவிட்டு
பஸ்காரனைப் பார்த்து
கையால் மட்டும் ஏதோ சொன்னாள்.
ஹாரன் நின்றது.

வைகை அணைப் பக்கம், இருட்டில் ரிவர்ஸ்.
ஸ்டியரிங்கை இடது ஒடித்தால்
வீடு வலது போகும்.
"வலது, வலது" என்கிறாள்.
வீட்டுக்கா ஸ்டியரிங்குக்கா,
நான் கேட்கவில்லை.
மூன்றாம் தடவையும்
வேலிக்கருவையில் போய் நின்றது.
சரி, இங்கேயே இருக்கட்டும்.

டர்போ ஆறுவதற்காக
ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு
உட்கார்ந்திருந்தேன்.
ஜெபராணி கட்டையைத் தூக்கி வந்தாள்,
டயரின் பல்தடம் அதில் பதிந்திருந்தது.
ஹெட்லைட் வெளிச்சத்தில் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து
வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.