கீழக்கதவு, மேலக்கதவு

நாடாவின் பூஜ்யத்தைக்
கீழவாசல் நிலையில் அழுத்திப் பிடித்திருந்தேன்.
கீழத்தெருவில் தொடங்கி
மேலத்தெருவில் முடிகிற வீடு.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி,
எங்கும் வளையாத ஒரே கோடு.
அந்தக் கோடியிலிருந்து சர்வேயர் அந்தோணி கத்தினார்:
"அறுபது மீட்டர். நூல் பிசகில்லை."
வெயிலில் எஃகு நாடா அரை விரல் நீண்டிருக்கும்.
அதை யாரும் கேட்கவில்லை.

வாங்குகிறவர் திருப்பூர்க்காரர்.
பன்னிரண்டு மணிக்குச் சாவி கைமாற வேண்டும்.
உமையாளுக்கும் தம்பி வைரவனுக்கும் ஒரே ஒரு நிபந்தனை:
இரண்டு கதவும் ஒரே நேரத்தில் பூட்டப்பட வேண்டும்.
கடைசியில் பூட்டியவர்தான் விற்றவர் என்று
பள்ளத்தூர் சொல்லிவிடும்.
சொன்னால் அது கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வரும்.

அக்கா கீழக்கதவில், தம்பி மேலக்கதவில்.
காதில் ஆளுக்கொரு கைபேசி.

நான் காரைக்குடியில் இயற்பியல் படித்தவன்,
ஒரு தாளில் அரியரோடு.
அந்தத் தாளில்தான் இது இருந்தது.

நூறு மீட்டர் தேக்குமரம் ஒன்று
ஒளியின் வேகத்தில் ஐந்தில் நாலு பங்காய்க்
கீழவாசலுக்குள் பாய்கிறதென்று வையுங்கள்.
நிற்கிற எனக்கு அதன் நீளம் அறுபதுதான்.
நுனி மேலக்கதவைத் தொடுகிற அதே கணம்
அடி கீழக்கதவைக் கடந்துவிடும்.
இரண்டையும் சாத்தலாம்.
சாத்தியதும் திறந்துவிட வேண்டும்,
இல்லாவிட்டால் மேலத்தெரு இருக்காது.

மரத்தைக் கேட்டால் வேறு கதை.
"நான் நூறுதான்.
உங்கள் வீடுதான் முப்பத்தாறாய் ஒடுங்கி
என்னை நோக்கி ஓடிவந்தது.
உருண்டைத் தூணெல்லாம் தட்டையாய் நசுங்கி,
தரையின் சதுரக் கல்லெல்லாம் பட்டையாய் மெலிந்து.
உயரத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.
முப்பத்தாறுக்குள் நூறை எவன் அடைப்பான்?
மேலக்கதவு முதலில் மூடித் திறந்தது.
நான் பாதிக்கு மேல் தெருவுக்கு வந்த பிறகே
கீழக்கதவு மூடியது."

பொய் சொன்னவர் யாருமில்லை.
'ஒரே நேரம்' என்பது
வீட்டோடு சேர்ந்து அசையாமல் நிற்பவர்களின் சொத்து.
பத்திரத்தில் அதற்குப் பட்டா எண் கிடையாது.

"ஒண்ணு," என்றார் உமையாள்.
"ரெண்டு," என்றது கைபேசி.
மூன்றை இருவருமே சொன்னார்கள்.

பக்கத்தில் பூட்டு சொடுக்கியது.
கொஞ்சம் தாமதித்துக் கைபேசிக்குள் இன்னொன்று.
"கேட்டியா? அவன்தான் கடைசி," என்றார்.
மேலத்தெருவில் அதே விநாடி
வைரவன் அந்தோணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்:
"அக்காதான் சார் கடைசி. காதால கேட்டேன்."

சொல்லியிருக்கலாம் நான்.
கிழக்கிலிருந்து மேற்கே பறக்கிறவனுக்குத் தம்பி முந்தி,
மேற்கிலிருந்து கிழக்கே பறக்கிறவனுக்கு அக்கா முந்தி,
தெருவில் நிற்கிற ஆட்டுக்கு இரண்டும் ஒன்று.
அரியர் வைத்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்?
உமையாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.
வியர்வை என்றுதான் நினைத்தேன்.

படிவத்தை நிரப்பினேன்.
நீளம்: அறுபது.
குறிப்பு என்ற கட்டத்தை
எப்போதும் காலியாய் விடுவோம். அன்று எழுதினேன்:
அளந்தவர் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்னப்பா?" என்றார் அந்தோணி.
"விதி, சார்."
எந்த விதி என்று கேட்காமல்
கையெழுத்துப் போட்டார்.